எட்டு வாரச் சோதனை, எட்டு வருட மாத்திரை

பதற்ற நோய்க்கான மருந்துகளை யார் மீது, எத்தனை நாள் சோதிக்கிறார்கள்? சோதனை முடிந்து கடைக்கு வந்த மாத்திரையை நம் ஊர் எப்படி விழுங்குகிறது?

சேத்தூர் கடைவீதி. இரவு ஏழு மணி தாண்டிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் வந்து நின்ற பேருந்திலிருந்து மில் ஷிப்ட் முடித்தவர்கள் இறங்குகிறார்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி, கையில் தூக்குவாளி. மற்றவர்கள் காய்கறிக் கடைப் பக்கம் திரும்ப, நாற்பதை நெருங்கும் ஒரு பெண் மட்டும் மெடிக்கல் வாசலில் ஒதுங்கி நிற்கிறார். முன்னால் நிற்பவர் நகரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

“அண்ணாச்சி, அந்தச் சின்ன மாத்திரை ஒரு அட்டை.”

“போன வாரந்தானம்மா வாங்கிட்டுப் போனீக?”

“மாமியாருக்கும் சேத்துத்தான்.”

காகிதத்தில் மடித்த அட்டை கைமாறுகிறது. சீட்டைக் கேட்கவில்லை. பேரேட்டில் எதுவும் எழுதவில்லை.

இவர் ஒரே ஒருவர் அல்லர். சேத்தூரிலும் தளவாய்புரத்திலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியிலும், தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் காணக்கூடிய பலரைச் சேர்த்து வரைந்த உருவம். கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நெஞ்சு படபடக்கும். வயிற்றைப் பிசையும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் தாமதமானால் கை நடுங்கும். கடன் தவணை, மகளின் கல்யாணம், வராத மழை என்று ஒன்று விட்டால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க மனசு அடித்துக்கொள்ளும். ஈ.சி.ஜி. எடுத்தால் ‘நார்மல்’ என்று வரும். கோவிலில் திருநீறு போட்டுப் பார்ப்பார்கள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று யாரோ சொல்வார்கள். கடைசியில் ஒரு டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதுவார். அன்றிரவு நிம்மதியாகத் தூக்கம் வரும். பதினைந்து நாள் முடிந்த பிறகும் பழைய அட்டையைக் காட்டிக் காட்டியே மாத்திரை தொடரும். மாதங்கள் வருடங்களாகும்.

இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் பொதுப் பதற்றக் கோளாறு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு இதைத் தனி நோயாக வரையறுத்தது. இன்றைய வரையறை இது: குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான நாட்களில், ஒன்றல்ல பல விஷயங்களைப் பற்றிய அடக்க முடியாத கவலை. கூடவே தூக்கக் கேடு, தசை இறுக்கம், சோர்வு, எரிச்சல். 2017இல் இந்தியாவில் ஏறத்தாழ 4.49 கோடிப் பேருக்குப் பதற்ற நோய்களில் ஏதோ ஒன்று இருந்ததாக 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த மாநிலவாரி ஆய்வு கணக்கிட்டது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்று தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. மெடிக்கல் வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாத்திரை கிடைத்திருக்கிறது, சிகிச்சை கிடைக்கவில்லை.

சோதிக்காமல் விற்ற காலம்

மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரைகளின் வரலாற்றில் பெரிய கறை ஒன்று உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான பாதுகாப்பான மருந்து என்று தலிடோமைடு விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் மசக்கைக்கும் அதை விழுங்கினார்கள். கை கால் வளராமல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி தராமல் இழுத்துப் பிடித்தவர் மருந்து அதிகாரி பிரான்சிஸ் கெல்சி. ‘பலன் உண்டு என்று முறையான சோதனையில் நிரூபித்த பிறகே விற்கலாம்’ என்ற சட்டம் 1962இல் அங்கே வந்ததற்கு இந்தக் கொடுமையே உடனடிக் காரணம். இன்று நாம் பேசும் மருந்துச் சோதனை முறை அந்தக் குழந்தைகளுக்குப் பட்ட கடன்.

அதே காலத்தில் ரோச் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டெடுத்த சேர்மம் 1960இல் லிப்ரியமாகவும், அதன் வழிவந்த டயசெபாம் 1963இல் வேலியமாகவும் கடைக்கு வந்தன. சேத்தூர்ப் பெண் கேட்கும் ‘சின்ன மாத்திரை’ பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளையான அல்பிரசோலம். விழுங்கிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பு அடங்கும். அதனால்தான் அதன் மீது இத்தனை நம்பிக்கை. இந்தக் குடும்ப மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988லேயே எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

வாராவாரம் கேட்கும் ஒருவர்

ஒரு பதற்ற மருந்தின் சோதனையில் உண்மையில் என்ன நடக்கிறது? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பெரும்பாலும் எட்டு வாரம். இடையிடையே வரவழைத்து உட்காரவைத்துக் கேட்கிறார்கள். தூக்கம் எப்படி? பயம் எப்படி? வயிறு எப்படி? மார்பு அடைக்கிறதா? மாத்திரையை விட்டீர்களா, ஏன் விட்டீர்கள்? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

---
பெட்டிச் செய்தி

பதற்றத்தை அளப்பது எப்படி?

ஹாமில்டன் அளவுகோல்: மாக்ஸ் ஹாமில்டன் 1959இல் வெளியிட்டது. 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. மருத்துவர் கேட்டுக் குறிப்பது. இன்றும் பெரும்பாலான மருந்துச் சோதனைகள் இதை வைத்தே நடக்கின்றன.

ஜி.ஏ.டி.-7: 2006இல் வந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோயாளியே நிரப்பலாம். தமிழிலும் உண்டு.
---

இப்படி நடந்த 89 சோதனைகளை, 25,441 நோயாளிகளை, 22 மருந்துகளை ஒன்றாகத் தொகுத்து 2019இல் லான்செட் இதழ் ஒரு பெரும் பகுப்பாய்வை வெளியிட்டது. டுலாக்செட்டின், பிரீகாபலின், வென்லாபாக்சின், எஸ்சிட்டலோபிராம் ஆகிய நான்கும் பலன் தந்தன, நோயாளிகளும் ஓரளவு தாங்கிக்கொண்டார்கள். குவெட்டியாபின் இன்னும் கூடுதலாகப் பதற்றத்தைக் குறைத்தது. ஆனால் பக்கவிளைவு தாங்காமல் பலர் விட்டுவிட்டார்கள்.

எவ்வளவு பலன் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 56 புள்ளி அளவுகோலில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடக் கூடுதலாக டுலாக்செட்டின் குறைத்தது சுமார் 3 புள்ளி. எஸ்சிட்டலோபிராம் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. மருந்து சும்மா என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. இது சராசரி. சிலருக்குப் பெரிய மாற்றம் கிடைக்கும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் வித்தியாசம் சிறிதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. வெற்று மாத்திரை பெற்றவர்களும் நன்றாகத் தேறுகிறார்கள். நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பது உண்மை. நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. அவற்றோடு, நம் கண் முன்னாலேயே இருக்கும் இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். அந்த எட்டு வாரமும் ஒருவர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டார். சோதனை முடிந்து மாத்திரை கடைக்கு வரும்போது அந்த ஆள் கூட வருவதில்லை.

அமுக்கராவையும் சோதித்தார்கள்

சித்த மருத்துவத்தில் அமுக்கராவைத் தெரியாதவர் இருக்க முடியாது. அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து கொடுப்பது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். இன்று ‘அஸ்வகந்தா’ என்ற பெயரில் உலகமெங்கும் மாத்திரையாக விற்கிறது. இதை வெற்று மாத்திரையோடு மோதவிட்டுப் பார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில், பெங்களூர் நிம்ஹான்ஸில் நடந்தது. மனநல மருத்துவர் சித்தரஞ்சன் அந்த்ராதே தலைமையிலான குழு பதற்ற நோய்கள் உள்ள 39 பேரை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் கவனித்தது. முடிவு 2000இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் வந்தது. ஆறாம் வாரத்தில் அமுக்கரா சாறு பெற்றவர்களில் 88 சதவீதம் பேர் முன்கூட்டியே வகுத்த முன்னேற்ற அளவை எட்டினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 50 சதவீதம் பேர்.

அந்த 50ஐ மறுபடி பாருங்கள். கிழங்கின் துளிகூட உள்ளே போகாத பாதிப் பேருக்குக் குணம் தெரிந்திருக்கிறது.

39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து ஊருக்கே பரிந்துரைக்க முடியாது. ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சும் சரியல்ல. அமுக்கரா மாத்திரை எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் சித்த மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் சூரணத்தைத் தொடங்கக் கூடாது.

உள்ளே யார், வெளியே யார்?

பன்னாட்டு மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு நோய் மட்டும் உள்ளவர்கள். கருவுற்றவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், தீவிர இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சோதனையின் சுத்தத்துக்கு அது தேவைதான். ஆனால் நம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தசோகை, மூட்டுவலி, வீட்டில் குடிக்கிற கணவர், அதோடு பதற்றம். மருந்து சோதிக்கப்பட்டது ஒருவர் மேல். விழுங்குகிறவர் வேறொருவர்.

இந்தக் குறையை நேராக எதிர்கொண்ட சோதனை ஒன்று இந்தியாவிலேயே நடந்தது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். கோவாவில் மருத்துவர் விக்ரம் படேல் குழு, பெரிய மனநல நிலையத்துக்குப் போகாமல், பொது மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளுக்கே போனது. உடல்வலி, அசதி, தூக்கமின்மை என்று வந்தவர்களில் மனச்சோர்வும் பதற்றமும் உள்ள 450 பேரைச் சேர்த்து புளூவாக்செட்டின், வெற்று மாத்திரை, மனநல ஆலோசனை என்று மூன்றாகப் பிரித்தது. 2003இல் லான்செட்டில் வந்த முடிவின்படி, இரண்டு மாதத்தில் மருந்து பெற்றவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. தொடக்கம் நன்றாக இருந்தது. தொடர்ச்சியில்தான் பிடி நழுவியது.

அதே குழு அடுத்த அடியை எடுத்து வைத்தது. ‘மானஸ்’ என்ற அந்தச் சோதனையின் முடிவு 2010இல் வந்தது. 24 மருத்துவ நிலையங்கள், 2,796 நோயாளிகள். மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து நோயாளிகளைத் தொடர்ந்து சந்திக்க வைத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் மருந்து. அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 66 பேர் குணமடைந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 42 பேர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பது புதிய மருந்து எதுவும் இல்லை.

விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன?

விளைவுகளுக்கு வருவோம். எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுதலாகவும் வரும். சோதனையில் இருப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். அழைத்து விசாரிப்பார்கள், அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் ஐந்தாம் நாளே ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று அட்டை குப்பைக்குப் போகும். பிறகு, உடனே கேட்கும் அந்தச் சின்ன மாத்திரையைத் தேடிப் போவார்கள். மெதுவாகக் குணமாக்குவது தோற்று, வேகமாக மரத்துப்போகச் செய்வது ஜெயிப்பது இப்படித்தான்.

அல்பிரசோலத்தை மாதக்கணக்கில் எடுத்த உடம்பு அதற்குப் பழகிவிடும். கால் மாத்திரை அரையாகும், அரை ஒன்றாகும். முதியவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இந்தக் குடும்ப மருந்துகள் தெரிந்த காரணம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அடிமையாதலும் திடீரென நிறுத்துவதால் வரும் ஆபத்தும் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை இந்த மருந்துகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நீண்ட நாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும். வர முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் அல்பிரசோலமும் டயசெபாமும் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு மூன்று வருடம் கடையில் இருக்க வேண்டும். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் சீட்டைப் புதுப்பிக்க அந்தப் பெண் ஒருநாள் கூலியை விட்டு, பேருந்து ஏறி, ‘மென்டல் டாக்டரைப் பார்க்கப் போறாளாம்’ என்ற பேச்சையும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. கடைக்காரர் மறுத்தால் அவர் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

---
பெட்டிச் செய்தி

‘மருந்துச் சோதனையில் சேருகிறீர்களா?’ என்று கேட்டால்

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், 2019 உங்களுக்குத் தரும் பாதுகாப்பு:

சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவகம் 2007இல் தொடங்கியது. பதிவு 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, சோதனையோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. தீவிரப் பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மனநல நோயாளிகள் மீதான ஆய்வுக்குச் சுதந்திரமான, தெரிந்து தரும் ஒப்புதல் தேவை என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தனியாகவும் சொல்கிறது.
---

அடுத்து வரும் மருந்து

உலகம் இப்போது வேறொரு சோதனையை உற்றுப் பார்க்கிறது. போதைப் பொருளாகத் தடை செய்யப்பட்ட எல்.எஸ்.டி.யை, பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 198 பேரை வைத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2025இல் ஜாமா இதழில் வந்தது. 100 மைக்ரோகிராம் பெற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் 12 வாரத்தில் நோய்க்குறி ஏறக்குறைய நீங்கிய நிலையில் இருந்தார்கள். கேட்க ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் எல்.எஸ்.டி. எடுத்தவருக்குத் தான் எடுத்தது வெற்று மாத்திரை இல்லை என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும். இரு தரப்பும் அறியாமல் இருப்பது என்ற சோதனையின் அடித்தளமே அங்கே ஆட்டம் காண்கிறது. அடுத்த கட்டப் பெரிய சோதனைகள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

எனக்கு நம்பிக்கை தருவது இதைவிட அமைதியான இன்னொரு சோதனை. அமெரிக்காவின் மூன்று நகரங்களில் பதற்ற நோய்கள் உள்ள 276 பேரில் ஒரு சாராருக்கு எஸ்சிட்டலோபிராம், மறு சாராருக்கு மூச்சைக் கவனிப்பது முதலான எட்டு வாரத் தியானப் பயிற்சி. ஜாமா சைக்கியாட்ரியில் வந்த முடிவு: பயிற்சி மருந்துக்குக் குறைந்ததாக இல்லை. அந்தப் பயிற்சியும் வாரம் ஒருமுறை வகுப்பு, தினமும் வீட்டுப்பாடம், கூடவே ஓர் ஆசிரியர் என்றுதான் நடந்தது.

வாசலுக்கே வரும் ஆள்

கோவாவில் சோதித்து நிரூபித்ததை, சேத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் செய்யப் புதிதாக ஒரு படையைத் திரட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கிறார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ‘டெலி மானஸ்’ இலவசத் தொலைபேசி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இவற்றை ஒன்றோடொன்று கோக்கும் வேலைதான் பாக்கி. இரத்த அழுத்தம் பார்க்க வரும் தன்னார்வலர் அதே திண்ணையில் அந்த ஏழு கேள்விகளையும் கேட்கட்டும். மதிப்பெண் பத்தோ அதற்கு மேலோ வந்தால், மனநல மருத்துவர் எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை இருப்பார் என்று எழுதிக் கொடுக்கட்டும். மருந்து தொடங்கியவரை முதல் வாரமும் நான்காம் வாரமும் போய்ப் பார்த்து, மறுபடி ஏழு கேள்விகளைக் கேட்டு மதிப்பெண்ணைக் குறிக்கட்டும். சின்ன மாத்திரையை ஏற்கெனவே வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு, அதைப் படிப்படியாகக் குறைத்து வெளியே வர உதவும் தனி நாள் ஒன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் வாரந்தோறும் வேண்டும். அந்த நாளுக்குப் போகும் தொழிலாளிக்கு மில் நிர்வாகங்கள் சம்பளம் பிடிக்காமல் விடுப்புத் தர வேண்டும்.